கயிறு மாற்றாத ஏரோப்ளேன்கள்

விற்ற மாடு வீடு திரும்புவது கரிச்சிபாளையத்தில் புதுச் சங்கதி இல்லை. அதனால்தான், பர்மாச் சண்டைக்கென்று ஓட்டிக்கொண்டு போகப்பட்ட ஏரோப்ளேன் ஒன்று, ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம், மேய்ச்சலுக்குப் போன ஆடுமாடெல்லாம் கழுத்துமணி குலுங்க, இருபக்கமும் வேலி நின்ற இட்டேரி வழியாக ஊருக்குள் வருகிற நேரத்தில், அவற்றுக்குப் பின்னாலேயே எஞ்சின் சத்தம் துளியும் இல்லாமல் உருண்டு வந்து, மில் லைன் வீடுகளின் கடைசியில் இருக்கும் புளியமரத்தடியில் நின்றபோது, பெண்கள் அடுப்பை விட்டு எழுந்து வந்து பார்த்தார்களே தவிர யாரும் கூச்சல் போடவில்லை. மயிலாத்தாள் மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏனுங் தெய்வாத்தாக்கா, உங்க மாடு வந்துருச்சு. தண்ணி காட்டுங்கொ."

தெய்வாத்தாள் ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி வந்து இடது இறக்கையின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். அவள் அடித்த ரிவிட்டு வரிசைதான். மாட்டுக்காரிக்கு மாட்டின் சுழி தெரியாதா? மூக்கு கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து மெதுவாக ஊற்றினாள், ஆவி புளியமரத்து உச்சிவரை எழும்பியது. அதற்குப் பிறகுதான் மேலே கண்ணாடி மூடி திறந்து, மீசை இப்போதுதான் கறுத்துக்கொண்டிருக்கும் ஒரு பஞ்சாபிப் பையன் எட்டிப் பார்த்து, தான் எங்கே இருக்கிறோம் என்று அவனுடைய பாஷையில் கேட்டான். கேள்வி யாருக்கும் புரியவில்லை. பசி புரிந்தது. சோளச்சோறும் கொள்ளுப் பருப்பும் போட்டார்கள்.

அவன் பெயர் குர்தயாள். அவனுக்கு நடந்ததை மறுநாள் கம்பெனி விமானக்காரன் தேவசகாயம்தான் கேட்டுச் சொன்னான். பர்மாவில் ஒரு பெரிய ஆற்றுக்கு மேலே எதிரி பின்னால் விரட்டிக்கொண்டிருக்கையில், பொழுது சாயத் தொடங்கியதும் ஏரோப்ளேன் தானாகக் கழுத்தைத் திருப்பியதாம். எந்த விசையை இழுத்தாலும் கேட்கவில்லையாம். மலையும் கடலும் தாண்டி வந்துகொண்டே இருந்ததாம். பெட்ரோல் நடுக்கடலிலேயே தீர்ந்துபோயும் அது அதைப் பொருட்படுத்தவில்லையாம்.

"எப்படி பொருட்படுத்தும்?" என்றாள் மயிலாத்தாள். "கட்டுத்தரையைப் பாக்கத் திரும்புன மாடு புல்லைப் பாக்குமா?"

கரிச்சிபாளையம் பஞ்சாலை ஊர். ஒரு தெருவில் நூல் ஓடினால் அடுத்த தெருவில் லேத்து சுற்றும். மில்லுக்குப் பின்னால் நீளமாகக் கட்டிய புதுக் கொட்டகையில் நூல் மிஷின்கள் இறங்குவதற்கு முன்னாலேயே சண்டை வந்து இறங்கிவிட்டது. கப்பலில் பெட்டி பெட்டியாக வந்த எலும்புகளையும் தோலையும் பூட்டி அங்கே போர் விமானம் செய்தார்கள். இறக்கைக்குள்ளே கை விட்டு ரிவிட்டு அடிக்கச் சின்னக் கைகள் வேண்டும் என்று நூல் பிரிவிலிருந்த பெண்களைக் கூட்டிவந்தார்கள். தெய்வாத்தாள் வெளியே நின்று அடிப்பாள், மயிலாத்தாள் உள்ளே இரும்புக் கட்டையை அண்டக் கொடுப்பாள். புருஷன் போனபிறகு, பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் மிச்சமிருந்த ஒரே செவலைப் பசுவையும் சந்தையில் விற்றுவிட்டு, அதன் கயிற்றை மட்டும் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு மில்லுக்கு வந்தவள் தெய்வாத்தாள்.

அந்தச் சீமையில் மாட்டை விற்கிறவன் கயிற்றை விற்க மாட்டான். வாங்குகிறவன் தன் கயிற்றைக் கொண்டுவந்து பூட்ட வேண்டும், பழைய கயிற்றைக் கட்டிய கையே அவிழ்க்க வேண்டும், அறுக்கக் கூடாது. கயிறு மாறாமல் போன மாடு எத்தனை கல் தாண்டிப் போனாலும் ஒரு சாயங்காலம் பழைய வாசலில் வந்து நிற்கும்.

இது தெரியாதவர் ஊரில் ஒருவரும் இல்லை. தெரிந்தும் தப்பு நடந்துவிட்டது. மலைக்கணவாய் வழியாக வருகிற ஆடிக்காற்று ஆளையே தூக்கும், இறக்கை உள்ளதை விடுமா? பூட்டி முடித்த ஏரோப்ளேன்களைத் தரையோடு கட்டிவைக்க வேண்டிய இரும்பு வடம் கப்பலோடு முழுகிப்போக, பெண்கள் அவரவர் வீட்டு மாட்டுக்கயிற்றைக் கொண்டுவந்து கட்டினார்கள். முதல் கயிறு செவலையின் கயிறு. சண்டைக்கு அனுப்பும்போது, அங்கேயும் காற்றடிக்குமே என்று அந்தக் கயிற்றையே உள்ளே சுருட்டி வைத்து அனுப்பிவிட்டார்கள். இரும்பையும் மாட்டையும் ஒன்றாக நினைக்க அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

அனுப்புவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் பறக்கவிட்டுப் பார்ப்பவன் தேவசகாயம். தூத்துக்குடிக்காரன், தோணிக்காரர் வீட்டுப் பிள்ளை, மதராஸில் துரைமார்களோடு பறக்கக் கற்றவன். அவன் ஏறுகிற நாளில் ஊரே அண்ணாந்து நிற்கும். அவன் ஏறி ஏறிக் கொசு அளவாகி, கொசுவும் இல்லாமலாகி, அப்புறம் வானத்தைக் கிழித்துக்கொண்டு தலைகீழாக விழுந்து, புளியமரத்து இலையெல்லாம் உதறும்படி மேலெழுந்து, பஞ்சாலைப் புகைக்கூண்டைச் சுற்றி வருவான். அவன் சக்கரம் தரையைத் தொடுகிற வரை தெய்வாத்தாள் தண்ணீர் குடிக்க மாட்டாள். கேட்டால் தாகமில்லை என்பாள். இறங்கியதும் நேரே கொட்டகைக்கு வருவான்.

"யக்கா, மூணாவது வரிசையில ஒண்ணு விசிலடிக்கி."

"விசிலடிச்சா அது மயிலா புடிச்ச பக்கமா இருக்கும் தம்பி. என்ற ரிவிட்டு வாயத் தொறக்காது."

"ஆமா, நான் புடிச்சா பாட்டே பாடும்," என்பாள் மயிலாத்தாள் இறக்கைக்குள்ளிருந்து. "காது குடுத்துக் கேட்டுட்டு வாங்கொ, தம்பி!"

அவன் கையெழுத்துப் போட்டால் ஏரோப்ளேன் சண்டைக்குப் போகும். இப்போது போனதெல்லாம் திரும்பிக்கொண்டிருந்தது. குர்தயாளைத் திருப்பி அனுப்பினார்கள், மறுவாரமே அதே நேரத்துக்கு அதே இட்டேரியில் வந்தான். அவனுக்குப் பின்னால் வேறொன்று, அதற்குப் பின்னால் இன்னொன்று. ஒவ்வொன்றும் தன்னைக் கட்டிய பெண்ணின் வாசலைத் தேடிப் போய் நின்றது. இறக்கை இடிக்கிறதென்று முருங்கை மரங்களை வெட்டினார்கள். முனிசிபாலிட்டிச் சிப்பந்தி, பொதுவழியில் ஆளில்லாமல் நின்ற ஒரு ஏரோப்ளேனை, சட்டம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான் என்று சொல்லி, பத்துப் பேரை வைத்துத் தள்ளிக்கொண்டு போய்த் தவறின மாடுகளை அடைக்கும் பட்டியில் அடைத்துவிட்டான். மயிலாத்தாள் போய் அவனுடைய ஏழு தலைமுறையையும் விசாரித்து மீட்டு வந்தாள். தை பிறந்து பட்டிப் பொங்கல் நோம்பி வந்தபோது, கொம்பு இல்லாத குறைக்கு இறக்கை நுனிகளுக்குச் சிவப்பும் நீலமும் பூசி, மூக்கில் ஆவாரம்பூ மாலை போட்டு, சக்கரத்துக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள். பர்மாவில் இருக்க வேண்டிய பையன்கள் மூன்று பேர் லைன் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து கரும்பு கடித்தார்கள்.

நோம்பி முடிந்த கையோடு ராணுவம் வந்தது. வந்த அதிகாரிக்கு விங் கமாண்டர் என்று பெரிய பதவி. ஊர் அவரை றெக்கைத் துரை என்றது. மூன்று பையன்களையும் பஞ்சு குடோனில் அடைத்துக் காவல் போட்டார்.

மில் மேனேஜர் குழந்தைவேலு உள்ளூர்க்காரர். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். "கயித்தோட குடுத்துட்டமுங்க துரை. தப்பு எங்களுது. பசங்க மேல ஒண்ணுமில்லீங்க." துரை சிரிக்கவில்லை. தன் ஊரில் அப்பா விற்ற குதிரை ஒன்று பனியில் நடந்தே திரும்பி வந்ததைச் சொன்னார். ஆனால் ராணுவத்துக்குக் குதிரையும் தெரியாது, மாடும் தெரியாது. புறமுதுகு காட்டியவனைத்தான் தெரியும், சித்திரையில் விசாரணை, தீர்ப்பு துப்பாக்கிதான் என்றார்.

"ஒரே வழிதான். நீங்கள் சொல்கிறபடி கயிறு மாற்றின ஒன்றை அனுப்புங்கள். அது திரும்பாமல் அங்கேயே நின்று சண்டை போட்டால், தவறு பையன்களுடையது அல்ல என்று எழுத எனக்கு முகாந்திரம் கிடைக்கும்."

"அதை யார் ஓட்டறதுங்க?" என்றார் மேனேஜர்.

"நான் ஓட்டுதேன்," என்றான் தேவசகாயம். "சரின்னு சொல்லி அனுப்புனது நாந்தான?"

அவன் ஓட்ட வேண்டியிருந்தது தெய்வாத்தாள் கட்டிவைத்திருந்த ஏரோப்ளேன். குர்தயாள் வந்த அதே முதல் ஏரோப்ளேன். அன்று லைன் வீட்டுக் குழாயடியில் ஒரே வாக்குவாதம். மாற்றக் கூடாது என்று பாதிப் பேர். வந்தால்தான் என்ன, உயிரோடு வருகிறதல்லவா என்றார்கள். மாற்றாவிட்டால் வருகிற உயிரைச் சுவரோரம் நிறுத்திச் சுடுவார்களே என்றார்கள் மீதிப் பேர். தெய்வாத்தாள் குடத்தை நிரப்பிக்கொண்டு ஏரோப்ளேன் நின்ற பக்கம் போனாள். இறக்கையின் நிழலில் தேவசகாயம் உட்கார்ந்திருந்தான்.

"மாத்திருங்கக்கா."

"மாத்துனா நீங்க வரமாட்டீங்க தம்பி."

"அது எப்படிச் சொல்லுதீய? சண்டைக்குப் போனவன் எல்லாம் சாவுதானா என்ன?"

"மாட்டுக்குக் கயிறு மாத்துனா அது திரும்பிப் பாக்காது. எனக்கு அது தெரியும். என்ற செவலை திரும்பிப் பாக்கலை."

"மாத்தலேன்னா அந்த மூணு பயலுவளும் போயிருவானுவ. குர்தயாளு உங்க கையில சோறு தின்னவம்லா." அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "எனக்கும் பயமாத்தான் இருக்கு. அதை வேற யாருகிட்டயும் சொல்லாதீய."

றெக்கைத் துரை செவ்வாய்ச் சந்தைக்குத் தாமே போய் ஒரு புதுக்கயிறு வாங்கி வந்தார். வாங்குகிறவர் கையால்தான் பூட்ட வேண்டும் என்று மேனேஜர் சொல்ல, வெயிலில் மண்டியிட்டு, வால் சக்கரத்தில் தப்பும் தவறுமாக ஒரு முடிச்சுப் போட்டார். ஊர் கூடி நின்று பார்த்தது. தெய்வாத்தாள் குனிந்து செவலையின் கயிற்றை அவிழ்த்தாள். அவிழ்ந்த கணத்தில் ஏரோப்ளேனின் உடம்பு முழுக்க ஒரு சிலிர்ப்பு ஓடியது, ஈ உட்கார்ந்த இடத்தில் மாட்டுத்தோல் சிலிர்க்குமே, அந்த மாதிரி. அப்புறம் அது வெறும் தகரமாகிவிட்டது.

தேவசகாயம் ஏறப் போனான். தெய்வாத்தாள் கையிலிருந்த கயிற்றில் ஒரு புரியை உருவி, அவன் இடது மணிக்கட்டில் சுற்றி, கன்றுக்குட்டிக்குப் போடுகிற முடிச்சைப் போட்டாள்.

"என்னக்கா, என்னையும் மாடாக்கிட்டீயளா?"

"ஏரோப்ளேனைத்தான் வித்தோம். உங்களை வித்தமா?"

அவன் சிரித்தபடி ஏறினான். அன்று சாயங்காலம் ஆடுமாடுகள் மட்டும் வந்தன. மறுநாளும், அதற்கடுத்த நாளும். பங்குனியில், அவன் ஓட்டியது அங்கே நின்று சண்டை போடுகிறதென்று துரையிடமிருந்து சேதி வந்தது. சித்திரையில் மூன்று பையன்களையும் விட்டுவிட்டார்கள். போவதற்கு முன் குர்தயாள் தெய்வாத்தாளின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். அவள் அவன் தலையில் கை வைத்தபடி கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றப் பெண்களும் கயிறு மாற்றிக் கொடுத்தார்கள், ஏரோப்ளேன்கள் போயின, இட்டேரி மறுபடி மாடுகளுக்கானது. வைகாசியில் தேவசகாயத்தின் ஏரோப்ளேன் காட்டுக்குள் விழுந்துவிட்டதென்றும் ஆள் கிடைக்கவில்லை என்றும் கம்பெனிக்குத் தந்தி வந்தது. தெய்வாத்தாள் வேலைக்குப் போனாள், ரிவிட்டு அடித்தாள், பொழுது சாயும் முன்னால் வீட்டுக்கு வந்து வாசலில் நின்றாள். மயிலாத்தாள் தினமும் ஏதாவது ஒரு சாக்கு வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

ஆவணி மாதத்து ஒரு சாயங்காலம், வெள்ளாட்டுக் கூட்டத்துக்குப் பின்னால், செருப்பில்லாமல், தாடி மார்பைத் தொட, புழுதி பூசிய ஒரு ஆள் நடந்து வந்து புளியமரத்தடியில் உட்கார்ந்தான். மணிக்கட்டில் அந்தப் புரி இருந்தது. காடும் ஆறும் பட்டணங்களும் தாண்டி நடந்தே வந்திருந்தான். வழி எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்கு, வழி தெரியாது, காலுக்குத் தெரிந்திருந்தது என்றான். ஊர் குலவை போட்டது. தெய்வாத்தாள் குடம் தண்ணீரைக் கொண்டுவந்து அவன் காலில் ஊற்றினாள். அன்றைக்குத்தான் அவளுக்கு நெடுநாளைய தாகம் எடுத்து, மிச்சத் தண்ணீரை நின்றபடியே குடித்தாள்.

உடம்பு தேறியதும் அம்மாவைப் பார்க்க ரயிலேறினான். மூன்றாம் நாள் சாயங்காலம் மாடுகளோடு திரும்பி வந்தான். மதுரையில் கால் தானாக இறங்கிவிட்டதாம். மறுக்கா போனான்; விருதுநகரில் இறங்கித் திரும்பினான். மூன்றாவது தடவை மேனேஜர் ஒரு ஆளைத் துணைக்கு அனுப்ப, அந்த ஆள் தூத்துக்குடி போய்ச் சேர்ந்தான், இவன் கரிச்சிபாளையம் வந்து சேர்ந்தான். முதலில் ஊர் சிரித்தது. அப்புறம் சிரிப்பு நின்றது. அவனும் முடிச்சைத் தொட்டுப் பார்ப்பான், தெய்வாத்தாளைப் பார்ப்பான்.

"ஏனுங்க்கா," என்றாள் மயிலாத்தாள் ஒருநாள், "அவுத்து உடக்கூடாதா?"

"ஐப்பசி மழை உடட்டும். ரயிலு பாதை சரியில்லையாமா."

மழை விட்டது. நோம்பி முடியட்டும் என்றாள். பொழுது சாய்ந்தால் வாசலுக்கு ஒரு ஆள் வருகிறது, யக்கா என்கிறது, அது நாளைக்கும் வரும் என்பது நிச்சயமாகத் தெரிகிறது. இதைத் தானாகக் கைவிட எந்தக் கைக்கு மனசு வரும்?

மார்கழியில் அவன் அம்மா சவேரியம்மாள் வந்தாள். கறுத்து ஒடிசலாக, கழுத்தில் ஜெபமாலையோடு, தெரு விசாரித்து வந்து வாசலில் நின்றாள்.

"எம்மவன் கையில கட்டுனது நீதானா தாயி?"

"நானேதானுங்."

திட்டப் போகிறாள் என்று தெய்வாத்தாள் தலையைக் குனிந்துகொண்டாள். சவேரியம்மாள் அவள் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள்.

"இந்தக் கை இல்லேன்னா காட்டோட போயிருப்பான். நான் போயிட்டான்னு பூசை ஒப்புக்குடுத்து, கல்லறைக்கு இடமும் வாங்கிட்டேன். அப்புறம் உசிரோட இருக்கான்னு காயிதம் வந்துச்சு. அன்னையிலேருந்து ஸ்டேஷன்ல போயி நிக்கேன். ரயிலு வருது, போவுது. இவன் வரல."

தேவசகாயம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். தெய்வாத்தாள் முதலில் சாப்பாடு போட்டாள். அரிசியும் பருப்பும் சேர்த்துப் பொங்கிய சோறு, நெய்யைக் கொஞ்சம் அதிகமாகவே ஊற்றினாள். வெற்றிலைத் தட்டை நகர்த்தி வைத்தாள். அதற்கு மேல் தள்ளிப்போட ஒன்றும் இல்லை.

"கயிறு கொண்டாந்தீங்களா?"

"எதுக்கு?"

"கூட்டிட்டுப் போறவங்க அவங்க கயித்தைப் போட்டுத்தானுங் கூட்டிட்டுப் போவோணும். சும்மா அவுத்து உட்டா அது எங்கியும் நிக்காதுங்."

சவேரியம்மாள் வெற்றிலை மென்ற வாயோடு சிரித்தாள். "எங்க வீட்டுல தோணி உண்டும். கட்டிப்போட்ட தோணி பாசி புடிக்கும். அவுத்து விட்டாத்தான் போவும், வரும். வராமலும் போவும், கடலு அப்படி. நான் ஒண்ணும் கட்டமாட்டேன் தாயி. நீ அவுத்து மட்டும் விடு."

"எங்கியும் நிக்காமப் போயிட்டா?"

"போனா எனக்கும் இல்ல, உனக்கும் இல்ல. ரெண்டு பேரும் சேந்து அழுவோம்."

தெய்வாத்தாள் அவன் கையை மடியில் வைத்துக்கொண்டாள். வியர்வையிலும் காட்டு மழையிலும் ஊறி முடிச்சு கல்லாகியிருந்தது. நகம் போதவில்லை, பல்லை வைத்துத்தான் இழுக்க வேண்டியிருந்தது. அவிழ்ந்ததும் தேவசகாயம் எழுந்து நின்றான். எந்தப் பக்கமும் இழுபடாமல் நிற்பது எப்படியென்று மறந்தவன்போல் தடுமாறி, அம்மாவைப் பார்த்தான், புளியமரத்தைப் பார்த்தான், தன் கால்களைப் பார்த்தான்.

"வாரேன்க்கா," என்றான்.

அவர்கள் போன ரயில் தூத்துக்குடி வரை போயிற்று. அன்று சாயங்காலம் மாடுகள் வந்தன, மறுநாளும் வந்தன. புழுதி அடங்குகிற வரை நின்று பார்க்கிற பழக்கம் தெய்வாத்தாளை விட்டுப் போக ஒரு கோடைகாலம் பிடித்தது. பொழுது சாய்வதற்குள் சமையலை முடித்துக் கதவைச் சாத்திக்கொள்ளப் பழகினாள். சண்டை முடிந்தது. கொட்டகையில் ரிவிட்டுச் சத்தம் நின்று நூல் மிஷின்கள் இறங்கின. இனி அந்த ஊரில் பறக்கவிட்டுப் பார்க்க எதுவும் இல்லை, எந்த விமானக்காரனுக்கும் அங்கே ஜோலியும் இல்லை.

அப்படியிருக்கும்போது, ஒரு வைகாசி மாதத்து உச்சிப்பொழுதில், மாடு கன்று எதுவும் வீடு திரும்பாத, காக்கைகூட நிழலை விட்டு நகராத வெயிலில், ராத்திரி ஷிப்டு முடித்துத் தூங்கி எழுந்து முறத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்த தெய்வாத்தாளின் வாசலில் ஒரு நிழல் விழுந்தது.

"யக்கா, சோறு இருக்கா?"

அவள் முதலில் அவன் மணிக்கட்டைப் பார்த்தாள். வெறும் கை. அதற்கப்புறம்தான் முகத்தைப் பார்த்தாள்.